திறப்பு யார் கையில்?

பெரிய வீடு ஒன்றிலே திறப்புகள் பல உண்டு. வாயிற் படலைக்கு ஒன்று, நெல் வைக்கும் அறைக்கு ஒன்று, பெட்டகத்துக்கு ஒன்று என அவை வெவ்வேறாக இருக்கும். தோட்டம் கொத்த வருபவரிடம் படலையின் திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டார் கோயிலுக்குச் செல்வர். பெட்டகத்தின் திறப்பை அவரிடம் கொடுப்பதில்லை. அதனால் அவர் நம்பத்தகாதவர் என்று வீட்டார் கருதுவதுமில்லை. தம்மை அவமதித்துவிட்டனர் என்று அவர் வருந்துவதுமில்லை. அவர் செய்யும் வேலைக்குப் படலையின் திறப்பே போதும் என்பதை இரு சாராரும் அறிவர்.

வீட்டிலே இவ்வளவு எளிதாக விளங்கும் இவ்வுண்மை, காரியாலயத்தினுள்ளே நுழைந்ததும் பலருக்கு விளங்காமற் போய்விடுகின்றது. முன்னர்க் கடதாசிக் கோவைகளும் பேரேடுகளும் இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கின்றது. ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய பொருள்களை வாங்குவதற்கெனத் தனியே மென்பொருள்கள் ஆக்கப்பட்டுள்ளன. வேண்டுகோள் எழுதுவது, விலை கேட்பது, கட்டளை அனுப்புவது, வந்த பொருளைப் பதிவது, பணம் கொடுப்பது ஆகிய யாவும் அவற்றின் வழியாகவே நடைபெறுகின்றன. இம்மென்பொருளின் கதவுகள் கண்ணுக்குத் தெரியாதவை, திறப்புகளும் அவ்வாறே. ஆதலால், எந்தக் கதவின் திறப்பு எவர் கையில் இருக்கின்றது என்பதை ஒருவரும் எண்ணிப் பாராமலே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. எண்ணிப் பார்க்கும் நாள் வரும்பொழுது, பெரும்பாலும் ஏதோ ஒரு நட்டம் நேர்ந்திருக்கும். ஒருவர்மீது பழியும் விழுந்திருக்கும்.

ஒரு கொள்வனவு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் நோக்குதல் நலம். வவுனியாவிலே அரிசி ஆலையும், யாழ்ப்பாணத்திலே தலைமைக் காரியாலயமும் உடைய ஒரு கம்பனியைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆலையின் இயந்திரத்துக்குப் புதிய பட்டி ஒன்று தேவைப்படுகின்றது. ஆலையின் மேற்பார்வையாளர் அதனை வேண்டி ஒரு கோரிக்கையைக் கணினியிற் பதிகின்றார். கொள்வனவு அலுவலர் மூன்று வணிகரிடம் விலை கேட்கின்றார். முகாமையாளர் அவற்றை ஒப்பிட்டு ஒன்றை அங்கீகரிக்கின்றார். கட்டளை வணிகருக்குச் செல்கின்றது. பட்டி வந்து சேர்ந்ததும் களஞ்சியப் பொறுப்பாளர் அதனை எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொண்டதாகப் பதிகின்றார். வணிகரின் விலைப்பட்டியல் வருகின்றது. கணக்காளர் கட்டளையையும், களஞ்சியத்தின் பதிவையும், விலைப்பட்டியலையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்குகின்றார். மூன்றும் பொருந்தினால் மாத்திரம் பணம் கொடுக்கப்படுகின்றது.

ஒரு பட்டிக்காக இத்தனை பேரா என்று கேட்கத் தோன்றும். கணினி ஆய்வாளர் இருவர் 1987ஆம் ஆண்டிலே இக்கேள்விக்கு விடை கூறினர். ஒருவர் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் கிளார்க்; மற்றவர் கணக்காய்வு நிறுவனமொன்றைச் சேர்ந்த டேவிட் வில்சன். படைத்துறைக் கணினியின் காவல் வேறு, வணிகக் கணினியின் காவல் வேறு என்பது அவர்கள் கண்ட முடிபு. படைத்துறை இரகசியம் வெளியே போகாதிருப்பதையே பெரிதும் நாடும். வணிகத்துக்கோ கணக்கு மெய்யாக இருப்பதே முதன்மையானது. அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டியதும் கொள்வனவு முறையையே. கட்டளைக்கு அதிகாரம் அளித்தல், பொருள் வந்ததைப் பதிதல், விலைப்பட்டியல் வந்ததைப் பதிதல், பணம் கொடுக்க அதிகாரம் அளித்தல் என்னும் நான்கு படிகளையும் வெவ்வேறு ஆள்கள் செய்தால், கணக்கில் எழுதப்பட்டதும் உலகில் நடந்ததும் ஒன்றாகவே இருக்கும். பொய் எழுதவேண்டுமாயின் பலர் கூடியே எழுதவேண்டும். தனியொருவர் எழுதிய பொய்யோ அடுத்த படியில் நிற்பவரிடம் பிடிபட்டுவிடும்.

இந்நான்கு படிகளையும் ஒருவரே ஏறினால் என்ன நேரும்? வராத பொருளை வந்ததாக எழுதலாம். இல்லாத வணிகர் ஒருவரைப் பெயரளவிற் படைத்து, அவருக்குக் கட்டளை அனுப்பி, அவர் பெயரால் விலைப்பட்டியலும் ஆக்கி, பணத்தைத் தமக்கு வேண்டிய வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். மென்பொருள் தடுக்காது. ஒவ்வொரு படிக்கும் உரிய திறப்பு அவரிடம் இருப்பதனால், ஒவ்வொரு கதவும் முறைப்படியே திறக்கும். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்பது பழமொழி. தேனை எடுப்பவனும் அளப்பவனும் விற்பவனும் கணக்கெழுதுபவனும் ஒருவனேயாயின் புறங்கையோடு நின்றுவிடுமா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் இலினொய் மாநிலத்திலே டிக்சன் என்னும் சிறு நகர் உளது. அமெரிக்காவின் சனாதிபதியாக விளங்கிய றொனால்ட் றேகன் இளமையில் வாழ்ந்த ஊர் அது. மக்கள் தொகை ஏறக்குறைய 16,000. அந்நகராட்சியின் நிதிப் பொறுப்பாளராக 1983ஆம் ஆண்டிலே நியமனம் பெற்றவர் றீற்றா கிறன்ட்வெல் என்னும் பெண்மணி. ஊரார் அவரை முற்றாக நம்பினர். பணம் பெறுவதும் கொடுப்பதும் அவர் கையில். கணக்கெழுதுவதும் அவர் கையில். வங்கியிலிருந்து வரும் கடிதங்களை வாங்கிப் பிரிப்பதும் அவர் கையில். 1990ஆம் ஆண்டிலே நகராட்சியின் பெயரோடு தொடர்புடையது போலத் தோன்றும் ஒரு வங்கிக் கணக்கை அவர் இரகசியமாகத் திறந்தார். மாநில அரசு அனுப்பியவை போன்ற போலி விலைப்பட்டியல்களை ஆக்கி, நகராட்சியின் பணத்தை அக்கணக்கினூடாகத் தமக்கு மாற்றிக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இது நடந்தது. எடுத்த தொகை 53 மில்லியன் டொலருக்கு மேலாகும். அப்பணத்திலே அவர் நூற்றுக்கணக்கான உயர்சாதிக் குதிரைகளை வளர்த்தார். ஊரிலோ, பணமில்லை என்று செலவுகள் குறைக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

அவர் எவ்வாறு பிடிபட்டார் என்பது அதனினும் கவனிக்கத்தக்கது. 2011ஆம் ஆண்டிலே அவர் நீண்ட விடுமுறையிற் சென்றிருந்தபோது, அவரது வேலையைப் பார்த்த மற்றோர் அலுவலர் நகராட்சியின் வங்கிக் கணக்கறிக்கைகள் யாவற்றையும் அனுப்புமாறு வங்கியைக் கேட்டார். வந்தவற்றுள்ளே, ஒருவரும் அறியாத அந்தக் கணக்கின் அறிக்கையும் இருந்தது. அலுவலர் அதனை நகரபிதாவிடம் காட்டினார். 2012ஆம் ஆண்டு ஏப்பிரலில் கிறன்ட்வெல் கைதுசெய்யப்பட்டார். 2013ஆம் ஆண்டிலே அவருக்குப் பத்தொன்பது ஆண்டும் ஏழு மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கணக்காய்வு நடந்தும் வெளிப்படாத களவு, வேறொரு கை அவ்வேலையைத் தொட்டவுடனே வெளிப்பட்டது. இரண்டாவது கை ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்திருப்பின், அவ்வூர் தன் பணத்தை இழந்திராது. அப்பெண்மணியும் சிறை சென்றிருக்கமாட்டார் என்றே கூறலாம். அதிகாரம் பிரிக்கப்படாமை களவு செய்பவருக்கு வழி திறக்கின்றது என்பதோடு, களவு செய்ய எண்ணாதிருந்தவருக்கும் வழியைக் காட்டிவிடுகின்றது.

இனி, மென்பொருளிலே இப்பிரிவினை எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை நோக்கலாம். மூன்று சொற்கள் இங்கே முக்கியமானவை. பயனர், குழு, அனுமதி என்பன அவை. கணினியினுள்ளே தம் பெயரோடும் கடவுச்சொல்லோடும் புகும் ஒவ்வோர் ஆளும் பயனர். கோரிக்கை எழுதலாம், விலைகளைப் பார்க்கலாம், கட்டளையை அங்கீகரிக்கலாம் என்பன போன்ற தனித்தனி உரிமைகள் அனுமதிகள். ஒரே வகையான வேலை செய்வோரை ஒன்றுசேர்த்து, அவ்வேலைக்குரிய அனுமதிகளை ஒரு கட்டாகக் கட்டி அவர்களுக்கு வழங்குவதற்கு அமைக்கப்படுவது குழு.

குழு எதற்கு, ஆளுக்கே அனுமதியைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கருதுவர். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அது முடியும். இருநூறு பேர் வேலை செய்யும் இடத்தில், ஒவ்வொருவருக்கும் முப்பது நாற்பது அனுமதிகளைத் தனித்தனியே கொடுத்துக்கொண்டிருந்தால், சில ஆண்டுகளில் எவரிடம் எது உண்டு என்பதை எவராலும் கூற இயலாது. இச்சிக்கலைத் தீர்க்கும் பொருட்டு, அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த டேவிட் பெராயோலோ, றிச்சர்ட் கூன் என்னும் இருவர் 1992ஆம் ஆண்டிலே ஒரு முறையை வகுத்து வெளியிட்டனர். அனுமதியை ஆளோடு பிணைக்காது பதவியோடு பிணைக்கவேண்டும். ஆள் அப்பதவியை ஏற்கும்போது அனுமதிகளும் வந்துசேரும். பதவியை விடும்போது அவையும் விட்டுப்போகும் என்பது அம்முறை. 2004ஆம் ஆண்டிலே அது அமெரிக்காவின் தேசிய நியமமாகவும் ஏற்கப்பட்டது. நீதிபதியின் ஆசனத்துக்கு உரிய அதிகாரம் அதில் அமர்பவர் எழுந்து சென்றதும் அவரோடு வீட்டுக்குச் செல்வதில்லையன்றோ? கணினியிலும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

ஆதலின் குழுவுக்குப் பெயரிடும்போதே கவனம் தேவை. ‘ஆலைக் கோரிக்கையாளர்’, ‘கொள்வனவு அலுவலர்’, ‘களஞ்சியப் பொறுப்பாளர்’, ‘கொடுப்பனவு அங்கீகரிப்போர்’ என வேலையின் பெயரால் குழுக்கள் அமையவேண்டும். ஆளின் பெயரால் குழு அமைத்தால், அவர் வேறிடத்துக்கு மாறிய பின்னரும் அக்குழு அவரது நிழலாக நின்றுகொண்டே இருக்கும்.

குழுவுக்குக் கொடுக்கும் அனுமதிகளின் அளவு யாது? 1975ஆம் ஆண்டிலே ஜெரோம் சோல்ற்சர், மைக்கேல் சுறோடர் என்னும் அறிஞர் இருவர் கணினிக் காவலுக்குரிய தத்துவங்கள் சிலவற்றைத் தொகுத்து உரைத்தனர். அவற்றுள் ஒன்று, ஒவ்வொருவருக்கும் தம் வேலையைச் செய்து முடிக்கத் தேவையான மிகக் குறைந்த உரிமைகளே இருத்தல் வேண்டும் என்பது. மற்றொன்று, எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுச் சிலவற்றை அடைப்பதைக் காட்டிலும், எல்லாவற்றையும் அடைத்துவைத்து வேண்டியவற்றை மட்டும் திறப்பதே பாதுகாப்பானது என்பது. திறக்க மறந்த கதவினால் வேலை தடைப்படும், தடைப்பட்டவர் உடனே வந்து முறையிடுவார், குறை தீர்ந்துவிடும். அடைக்க மறந்த கதவைப்பற்றியோ ஒருவரும் வந்து முறையிடமாட்டார்.

அனுமதிக்கு எல்லைகளும் உண்டு. ஒன்று பணவெல்லை. கிளை முகாமையாளர் 50,000 ரூபா வரை அங்கீகரிக்கலாம், அதற்கு மேற்பட்டது பணிப்பாளரிடம் செல்லவேண்டும் என நிறுவனம் விதிக்கலாம். இவ்வெல்லையை ஏய்ப்பதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. 120,000 ரூபாவுக்கான சாக்குகளை ஒரே கட்டளையில் வாங்காது, 40,000 ரூபா வீதம் மூன்று கட்டளைகளாகப் பிரித்துவிடுவது அது. ஆதலால் ஒவ்வொரு கட்டளையின் தொகையைப் பார்ப்பதோடு அமையாது, ஒரே வணிகருக்கு ஒரு மாதத்திற் சென்ற மொத்தத் தொகையையும் பார்க்குமாறு மென்பொருளைப் பணித்தல் வேண்டும். மற்றோர் எல்லை இடத்தைப் பற்றியது. வவுனியா ஆலையின் பொறுப்பாளர் தம் ஆலையின் கட்டளைகளைப் பார்த்தாற் போதும். மற்றைக் கிளையின் கணக்கு அவருக்கு வேண்டுவதில்லை.

பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கொடுத்தால் தீங்கில்லை என்று எண்ணுவோர் பலர். கொள்வனவிலே பார்வையும் ஓர் அதிகாரமே. வணிகர் மூவர் விலை கூறியிருக்கின்றனர். குறித்த நேரத்துக்கு முன்னர் ஒருவரின் விலையை உள்ளேயிருக்கும் ஒருவர் பார்த்து, மற்றொருவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், போட்டி முறையே பொய்யாகிவிடும். கேள்விமனுக்களை முத்திரையிட்ட உறைகளிற் பெற்று, குறித்த வேளையிற் பலர் முன்னிலையில் திறப்பது எதற்காக? அதே காரணத்துக்காகக் கணினியிலும், திறக்கும் வேளை வரும்வரை எவரும் விலையைக் காணாதவாறு அடைத்துவைத்தல் வேண்டும்.

எந்த அனுமதிகள் ஒரு கையிற் சேரக்கூடாது என்பதை ஒரு தாளில் எழுதிவைத்தல் ஒவ்வொரு நிறுவனத்தினதும் கடமையாகும். கோரிக்கை எழுதியவர் அதனைத் தாமே அங்கீகரிக்கலாகாது. கட்டளை அனுப்பியவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகப் பதியலாகாது. விலைப்பட்டியலைப் பதிந்தவர் பணத்தை விடுவிக்கலாகாது. இவற்றினும் முக்கியமான ஒன்று பலராலும் மறக்கப்படுகின்றது. புதிய வணிகரைப் பெயர்ப்பட்டியலிற் சேர்ப்பதும், பழைய வணிகரின் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றுவதும் பணம் கொடுப்பவர் கையில் இருத்தல் ஆகாது. கட்டளை உண்மை, பொருள் உண்மை, விலையும் உண்மையாக இருந்தபோதிலும், கணக்கிலக்கம் ஒன்று மாறினால் பணம் வேறிடம் சென்றுவிடும். அவ்விலக்கத்தை ஒருவர் மாற்ற, இன்னொருவர் வணிகரோடு முன்னரே அறிந்த தொலைபேசியிற் பேசி உறுதிசெய்ய, அதன் பின்னரே மாற்றம் நடைமுறைக்கு வருதல் வேண்டும். மாற்றம் வேண்டி வந்த கடிதத்திலுள்ள தொலைபேசி இலக்கத்தை நம்பிப் பேசுதல் பயன் தராது. அதுவும் ஏமாற்றுவோனுடையதாக இருக்கலாம்.

குழுக்களை நன்கு அமைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எண்ணலாகாது. காலம் செல்லச் செல்ல அமைப்புக் கலைகின்றது. ஒருவர் களஞ்சியத்திலிருந்து கொள்வனவுப் பிரிவுக்கு மாற்றம் பெறுகின்றார். புதிய குழுவிலே அவரைச் சேர்க்கின்றனர். பழைய குழுவிலிருந்து நீக்க மறந்துவிடுகின்றனர். மூன்று ஆண்டுகளிற் கணக்குப் பிரிவுக்குச் செல்கின்றார். மீண்டும் அதே மறதி. இப்பொழுது கட்டளை அனுப்பவும், பொருளை ஏற்கவும், பணம் கொடுக்கவும் அவரால் முடியும். இவ்வதிகாரத்தை அவர் கேட்டதுமில்லை. ஒருவரும் எண்ணிக் கொடுத்ததுமில்லை. ஆற்றிலே மண் படிவது போல அது தானே படிந்துவிட்டது. வேலையை விட்டுச் சென்றவரின் பெயர் நீக்கப்படாது கிடப்பதும் இதனோடு ஒத்ததே. ஆள் போய்விட்டார், திறப்பு மட்டும் பூட்டிலே தொங்கிக்கொண்டிருக்கின்றது.

அதிகாரத்துக்குக் காலவெல்லை வேண்டும் என்பதைத் தமிழர் முன்னரே அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, 921ஆம் ஆண்டைச் சார்ந்தது, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள்களைத் தெரியும் முறையை விரித்துரைக்கின்றது. தெரியப்பட்டோர் 360 நாள் பணிசெய்து நீங்கவேண்டும். அண்மையில் வாரியம் செய்தவர் மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் வரலாகாது. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவரின் நெருங்கிய உறவினரும் தெரியப்படத் தகுதியற்றவர். குளத்தையும் தோட்டத்தையும் பொன்னையும் காத்த சபையார், அதிகாரம் தானாக நீங்கவேண்டும் என்றும், கணக்கோடு பிணைந்திருக்கவேண்டும் என்றும் கல்லிலே பொறித்துவைத்தனர். மென்பொருளிலும் இவ்வொழுங்கைக் கைக்கொள்ளலாம். தற்காலிகமாக ஒரு பொறுப்பைக் கொடுக்கும்போது முடிவு நாளையும் உடன் குறித்துவிட்டால், அந்நாளில் அனுமதி தானே அற்றுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவின் பெயர்ப்பட்டியலையும் அச்சிட்டு, அவ்வப் பிரிவின் தலைவரிடம் கொடுத்து, இவர் இன்னும் இங்கே இருக்கின்றாரா, இவ்வதிகாரம் இவருக்கு இன்னும் வேண்டுமா என்று வினாவிக் கையொப்பம் பெறுதல் நன்று.

விடுமுறையிற் செல்லும் முகாமையாளர் தம் கடவுச்சொல்லைக் காரியதரிசியிடம் கொடுத்துச் செல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேலை நிற்கக்கூடாது என்னும் நல்ல எண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் அதனால் விளையும் கேட்டை நோக்கவேண்டும். எவர் எந்நாளில் எதனை அங்கீகரித்தார் என்பதை மென்பொருள் ஒரு பதிவேட்டிலே எழுதிக்கொண்டேயிருக்கின்றது. ஒரு கடவுச்சொல்லை இருவர் அறிந்த அக்கணமே அப்பதிவேடு சான்றாகும் தகுதியை இழந்துவிடுகின்றது. பின்னொரு நாளிலே ஒரு தவறு வெளிப்பட்டால், தாம் செய்யவில்லை என்று முகாமையாளர் கூறுவார். தாமும் செய்யவில்லை என்று காரியதரிசி கூறுவார். இருவரும் உண்மையே கூறினாலும் நம்புவதற்கு வழியில்லை. நிரபராதி தன் குற்றமின்மையை நிலைநாட்டத் துணைநிற்கும் ஒரே சாட்சியை அவர்களே அழித்துவிட்டனர். செய்யவேண்டியது, முகாமையாளரின் அதிகாரத்தைக் குறித்த நாள்களுக்கு உரியவர் ஒருவருக்கு மென்பொருளின் வழியாகவே ஒப்படைத்தல். அப்பொழுது, இன்னாருக்காக இன்னார் அங்கீகரித்தார் எனப் பதிவு தெளிவாக நிற்கும்.

குழுக்களை அமைக்கும் கணினி நிருவாகியின் நிலை தனித்து ஆராயற்பாலது. யாவருக்கும் திறப்புக் கொடுப்பவர் அவர். தமக்கே ஒரு திறப்பைக் கொடுத்துக்கொள்ளவும் அவரால் இயலும். ஆகையால் அவர் எந்தக் கொள்வனவிலும் பங்குகொள்ளலாகாது. ஒருவரைக் குழுவிற் சேர்க்குமாறு பிரிவுத் தலைவர் எழுத்திற் கேட்டாலன்றி அவர் சேர்க்கலாகாது. அவர் செய்யும் மாற்றங்கள் பதியப்படும் ஏட்டை அவரே அழிக்க முடியாதவாறு, கணக்காய்வாளர் பொறுப்பில் வைத்தல் வேண்டும்.

இத்துணைக் கட்டுப்பாட்டால் வேலை தடைப்படாதா என்னும் வினா நேர்மையானது. தடைப்படும் என்பதே அதற்கு நேர்மையான விடை. கட்டுப்பாடு அளவு மீறினால், மக்கள் அதனைச் சுற்றிப் போகப் பழகிவிடுவர். அறுவடைக் காலத்தில் நள்ளிரவிலே ஆலையின் பட்டி அறுந்துவிட்டது. அங்கீகரிக்க வேண்டியவரோ உறக்கத்தில் இருக்கின்றார். நெல் ஈரத்தோடு கிடக்கின்றது. இத்தகைய வேளைக்கென ஓர் அவசர வழியை முன்னரே அமைத்துவைத்தல் அறிவுடைமை. மேற்பார்வையாளர் சிறு தொகைக்குத் தாமே கட்டளை அனுப்பலாம். அனுப்பிய அக்கணமே முகாமையாளருக்கும் கணக்காளருக்கும் செய்தி செல்லும். மறுநாட் காலையில் காரணத்தை அவர் எழுதவேண்டும். வழி திறந்திருக்கும், வெளிச்சமும் இருக்கும்.

மூவரே வேலை செய்யும் சிறு கடைக்கு ஆறு குழுக்கள் அமைத்தல் இயலாது. அங்கேயும் செய்யத்தக்கவை சில உண்டு. வாங்குபவரும் பணம் கொடுப்பவரும் வேறாக இருந்தாற் போதும். வங்கியின் கணக்கறிக்கை முதலாளியின் கைக்கே நேராக வரவேண்டும். அதனை அவர் ஒவ்வொரு வரியாகப் பார்க்கவேண்டும். ஆண்டுக்கு இருவாரமேனும் ஒவ்வொருவரும் கட்டாயம் விடுமுறையெடுக்க, அவர் வேலையை மற்றவர் செய்யவேண்டும். டிக்சன் நகரத்தார் கற்ற பாடத்தை அவர்கள் கொடுத்த விலை கொடாமலே இவ்வாறு கற்றுக்கொள்ளலாம்.

இறுதியாக, மனவருத்தம் பற்றியும் கூறவேண்டும். முப்பது ஆண்டு உழைத்த எழுதுவினைஞர் ஒருவர் இருக்கின்றார். கொள்வனவு முழுவதையும் அவரே பார்த்து வந்தார். ஒரு சதமும் பிசகியதில்லை. புதிய மென்பொருள் வருகின்றது. அவரது அதிகாரம் நான்காகப் பிரிக்கப்பட்டு ஒரு பங்கு மட்டும் அவரிடம் விடப்படுகின்றது. இத்தனை ஆண்டுக்குப் பின்னரா ஐயம் என்று அவர் உள்ளம் நோகின்றது. அந்நோவை அற்பமென்று தள்ளிவிடலாகாது. நிருவாகத்தினர் அவரைத் தனியே அழைத்து, மதிப்போடு விளக்கவேண்டும். விதி அவர் ஒருவருக்காக ஆக்கப்பட்டதன்று. அவர் இளைப்பாறிய பின்னர் அவ்விடத்துக்கு வரப்போகும், இன்னும் பெயர் தெரியாத ஒருவருக்காகவும் ஆக்கப்பட்டது. அதனினும் மேலாக அவருக்கே அது அரண். எல்லாத் திறப்பும் ஒருவர் கையில் இருக்குங்கால், களஞ்சியத்தில் ஒரு சாக்குக் குறைந்தாலும் முதலிற் பார்க்கப்படுவது அவர் முகமே. நான்கு பேர் கையொப்பமிட்ட கணக்கிலே குறை நேரின், எந்தப் படியில் நேர்ந்தது என்பதை ஏடே சொல்லும். நேர்மையானவர் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

இலங்கை அரசாங்கத்தின் நிதிப் பிரமாணங்களும் இக்கருத்தையே கொண்டுள்ளன. அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், கொடுப்பனவு செய்தல் எனச் செயல்களை அவை பிரித்துக் கூறுகின்றன. அரசாங்க அலுவலர் யாவரும் கள்வர் என்று எவரும் அப்பிரமாணங்களைப் படித்துவிட்டுக் கூறுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடதாசியிலே கைக்கொண்ட ஒழுங்கைக் கணினி வந்ததும் கைவிடுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

கொள்வனவு மென்பொருளை வாங்கும் நிறுவனங்கள் அதன் விலையையும் விரைவையும் விசாரிக்கின்றன. அதனோடு இன்னும் ஒரு நாளைச் செலவிட்டு, தம்மிடம் உள்ள பயனர்களின் பெயர்களை ஒரு பக்கத்திலும், அவர்களுடைய அனுமதிகளை மறுபக்கத்திலும் எழுதி, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் வேண்டும். எதற்காக இவ்வனுமதி இவரிடம் இருக்கின்றது என்ற கேள்விக்கு விடை கூற முடியாத வரி ஒன்று அகப்பட்டால், அன்றைக்கே அதனை நீக்கிவிடலாம். நீக்கியதனால் வேலை நின்றால், உரியவர் மறுநாளே வந்து கேட்பார்.